வீரரின் புள்ளியும் தெரிவின் மதிப்பும்

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் ஒவ்வோர் ஆகஸ்டிலும் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பாக, இந்தியப் பல்கலைக்கழக விடுதிகள் பலவற்றில் எட்டுப் பேரோ பத்துப் பேரோ கூடி ஃபேன்டசி கால்பந்துக்கான டிராஃப்ட் நடத்துகிறார்கள். முறைவைத்து ஒவ்வொருவராக வீரர்களை எடுத்து முடித்ததும் மதிப்பீடு தொடங்கிவிடும். யார் அணி வலுவானது, யார் ஏமாந்தார், யாருக்கு அதிர்ஷ்டம் என்று விடிய விடிய வாதம் நடக்கும். மே மாதத்தில் பருவம் முடியும்போது மறுபடியும் ஒரு மதிப்பீடு நடக்கும். வென்றவர் அறிவாளி, தோற்றவர் அறியாதவர் என்று அதில் தீர்ப்பாகும். இந்த இரண்டு மதிப்பீடுகளும் பெரும்பாலும் பிழையானவை. முதலாவது, வீரரின் புள்ளியைத் தெரிவின் மதிப்பு என்று கொள்கிறது. இரண்டாவது, விளைவை முடிவின் தரம் என்று கொள்கிறது.

முதலில் ஆட்டத்தின் அமைப்பைத் தெளிவுபடுத்த வேண்டும். பிரீமியர் லீக் இலவசமாக நடத்தும் ஃபேன்டசி ஆட்டத்தில் இரண்டு வகைகள் உண்டு. பலரும் அறிந்தது வரவுசெலவு முறை. 100 மில்லியன் பவுண்டு என்ற கற்பனைத் தொகைக்குள் 15 வீரர்களை வாங்க வேண்டும்; ஒரு கழகத்திலிருந்து மூவருக்கு மேல் கூடாது. ஒரே வீரரை எத்தனை பேர் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். உலகெங்கும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட அணிகள் இதில் பதிவாகின்றன. மற்றொன்று டிராஃப்ட் முறை. இதில் விலை இல்லை, தொகை இல்லை, தலைவருக்கு இரட்டைப் புள்ளியும் இல்லை. ஒரு குழுவுக்குள் ஒரு வீரர் ஒருவருக்கே சொந்தம். எர்லிங் ஹாலண்டை ஒருவர் எடுத்துவிட்டால் மற்ற ஏழு பேருக்கும் அவர் இல்லை. அமெரிக்காவில் ஃபேன்டசி கால்பந்து பிறந்ததே இந்த டிராஃப்ட் வடிவத்தில்தான். ஓக்லண்ட் ரைடர்ஸ் அணியின் பங்குதாரர்களுள் ஒருவரான பில் விங்கன்பாக் 1962இல் நண்பர்களுடன் விதிகளை வகுத்தார். முதல் டிராஃப்ட் 1963இல் நடந்தது. அது அமெரிக்கக் கால்பந்து. இது வேறு விளையாட்டு. ஆயினும் தெரிவின் தருக்கம் இரண்டுக்கும் ஒன்றே.

வரவுசெலவு முறையில் வீரருக்கு முன்கூட்டியே ஒரு விலை ஒட்டப்பட்டிருக்கிறது. டிராஃப்டில் அப்படி எதுவும் இல்லை. மதிப்பை எடுப்பவரே கண்டறிய வேண்டும். அங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். அதிகப் புள்ளி எடுப்பார் என்று தோன்றும் வீரரை முதலில் எடுப்பது இயல்பாகத் தோன்றும். ஆனால் ஒரு கணக்கைப் பார்க்கலாம். மிகச் சிறந்த கோல்கீப்பர் பருவத்தில் 160 புள்ளிகள் தருவார் என்றும், கடைசிச் சுற்றுகளில் கிடைக்கக்கூடிய கோல்கீப்பர் 140 தருவார் என்றும் கொள்ளலாம். ஒரு நல்ல முன்கள வீரர் 150 தருவார், கடைசியில் எஞ்சும் முன்கள வீரர் 80 தருவார் என்றும் கொள்ளலாம். புள்ளியில் கோல்கீப்பர் மேலானவர். ஆனால் அவரை விட்டால் இழப்பது 20. முன்கள வீரரை விட்டால் இழப்பது 70. ஆகவே முதலில் எடுக்க வேண்டியவர் 150 தருபவரே. ஒரு தெரிவின் மதிப்பு, அந்த வீரர் என்ன தருவார் என்பதில் அடங்கவில்லை. அவர் இல்லாதபோது அதே இடத்தில் வேறு யார் கிடைப்பார் என்பதோடு ஒப்பிட்டு எழும் இடைவெளியில் இருக்கிறது.

மொழியியல் படித்தவர்களுக்கு இது பழகிய எண்ணம். ஒரு சொல்லின் மதிப்பு அதனுள் பொதிந்த பொருளால் மட்டும் அமைவதில்லை, அமைப்புக்குள் அதன் அருகே நிற்கும் சொற்களிலிருந்து அது வேறுபடும் விதத்தால் அமைகிறது என்பது ஃபெர்டினான் த சொசூரின் மையக் கருத்து. தமிழின் ‘நாம்’ என்ற சொல்லுக்குக் கேட்பவரையும் உள்ளடக்கும் ஆற்றல், பக்கத்தில் ‘நாங்கள்’ இருப்பதால் கூர்மை பெறுகிறது. இந்தியின் ‘ஹம்’ இரண்டு பொறுப்பையும் தானே சுமக்கிறது. ஆகவே அது ‘நாம்’ என்பதன் நேர் இணை ஆகாது. டிராஃப்டில் வீரர்களும் இவ்வாறே. எட்டுப் பேர் கொண்ட குழுவில் ஒவ்வொருவரும் இரண்டு கோல்கீப்பர், ஐந்து தற்காப்பு வீரர், ஐந்து நடுக்கள வீரர், மூன்று முன்கள வீரர் எடுக்க வேண்டும். 24 முன்கள வீரர்கள் தேவை. லீக்கில் 20 கழகங்களே உள்ளன. அவற்றுள் பல ஒற்றை முன்கள வீரரோடு ஆடுகின்றன. தவறாமல் களமிறங்கும் முன்கள வீரர்களின் பட்டியல் விரைவில் வற்றிவிடும். தற்காப்பு வரிசையில் ஒவ்வொரு கழகமும் குறைந்தது மூவரை இறக்குகிறது. அங்கே பஞ்சம் இல்லை.

வகைப்பாடும் மதிப்பை மாற்றுகிறது. முகமது சலா லிவர்பூலின் வலப்பக்கத் தாக்குதலில் ஆடினாலும் 2024-25 பருவத்தில் இந்த ஆட்டத்தின் ஏடுகளில் நடுக்கள வீரராகவே பதிவாகியிருந்தார். நடுக்கள வீரரின் கோலுக்கு 5 புள்ளி, முன்கள வீரரின் கோலுக்கு 4. அவர் அந்தப் பருவத்தில் 29 கோல் அடித்து, 18 கோலுக்கு வழியமைத்து, 344 புள்ளிகள் எடுத்தார். அதே ஆட்டத்தை முன்கள வீரர் என்ற பெயரில் ஆடியிருந்தால் கோல் கணக்கில் மட்டும் 29 புள்ளிகள் குறைந்திருக்கும். ஆனால் பஞ்சம் நிலவும் முன்கள வரிசையில் மற்றவரிலிருந்து அவருடைய இடைவெளி கூடியிருக்கவும் இடமுண்டு. புள்ளி குறைந்து மதிப்பு உயரலாம் என்பதே இதன் பாடம். பெயரிடுதல் வெறும் ஒட்டுச்சீட்டு அன்று என்பதை மாணவர்கள் வகுப்பறையில் கற்பதைவிட இங்கே விரைவில் கற்றுக்கொள்ளலாம்.

மூன்றாவது கூறு வரிசை. டிராஃப்ட் பாம்பு நெளிவது போல நடக்கும். ஒரு சுற்றில் கடைசியாக எடுத்தவர் அடுத்த சுற்றில் முதலில் எடுப்பார். எட்டுப் பேர் குழுவில் முதலாமவருக்கு 1, 16, 17, 32 ஆகிய தெரிவுகள் கிடைக்கும். எட்டாமவருக்கு 8, 9, 24, 25. முதல் தெரிவைப் பெற்றவர் அடுத்து வாய் திறப்பதற்குள் 14 வீரர்கள் போய்விடுவார்கள். ஆகவே அவர் கேட்க வேண்டிய கேள்வி, மீதியுள்ளவர்களில் சிறந்தவர் யார் என்பதைவிட, அடுத்த முறை வரும்வரை காத்திருக்கக்கூடியவர் யார் என்பதாகும். நடுவே ஒருவர் கோல்கீப்பரை எடுத்தவுடன் அடுத்த நால்வரும் பதற்றத்தில் கோல்கீப்பர்களை எடுப்பது வழக்கமான காட்சி. அந்த வேளையில் கூட்டத்தோடு ஓடாமல் நான்காம் நடுக்கள வீரரை அமைதியாக எடுப்பவரே ஆட்டத்தைப் புரிந்தவர். டிராஃப்ட் முடிந்த இரவில் நடக்கும் மதிப்பீடுகளில் இவரைப் பற்றிப் பேச்சே இருக்காது. பெரிய பெயர்கள் நிறைந்த பட்டியலுக்கே பாராட்டு போகும்.

இனி மே மாத மதிப்பீடு. 2023-24 பருவத்தைப் பார்க்கலாம். பருவம் 2023 ஆகஸ்டு 11 அன்று தொடங்கியது. அன்று கோல் பாமர் மான்செஸ்டர் சிட்டியின் இளம் மாற்று வீரர். செப்டம்பர் 1 அன்றுதான் அவர் செல்சிக்கு மாறினார். பருவ முடிவில் லீக்கில் 22 கோலும் 11 வழியமைப்பும் அவர் கணக்கில் இருந்தன. ஃபேன்டசி ஆட்டத்தின் அந்தப் பருவப் புள்ளிப் பட்டியலில் முதலிடம் அவருக்கே. ஆகஸ்டு டிராஃப்டின் கடைசிச் சுற்றில் அவரை ஒருவர் எடுத்திருந்தால் அதைத் தீர்க்கதரிசனம் என்று சொல்லலாமா? அவர் கழகம் மாறுவார் என்பதற்கோ, புதிய கழகத்தின் பெனால்டிகள் அவர் காலுக்கு வரும் என்பதற்கோ அன்று போதிய சான்று இல்லை. அந்த 22 கோல்களில் 9 பெனால்டியில் வந்தவை. மாறாக, அக்டோபர் 7 அன்று பர்ன்லிக்கு எதிராகப் பெனால்டி அடிக்கும் பொறுப்பு அவரிடம் போனதைக் கவனித்து, யாரும் எடுக்காதவர்களின் பட்டியலிலிருந்து அவரை அந்த வாரமே சேர்த்துக்கொண்டவரிடம் திறன் இருந்தது. ஒரே வீரர், ஒரே விளைவு. ஆனால் ஒன்று தற்செயல், மற்றொன்று தீர்மானம்.

அதே ஆகஸ்டு 11 அன்று, அதே பர்ன்லி மைதானத்தில், முதல் ஆட்டத்திலேயே கெவின் டி பிரெய்னா தொடைத் தசைக் காயத்துடன் வெளியேறினார். 2024 ஜனவரி வரை களம் திரும்பவில்லை. அவரை முதல் சுற்றில் எடுத்தவர் கேலிக்கு ஆளாகியிருப்பார். அவர் செய்தது பிழையா? விளைவைக் காட்டி அதற்கு விடை சொல்ல முடியாது. ஜூன் 10 அன்று இஸ்தான்புல்லில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியிலேயே அதே வகைக் காயத்தால் அவர் வெளியேறியது எல்லாரும் பார்த்த செய்தி. அதை அறிந்து, இரண்டாம் மூன்றாம் சுற்றுகளில் உறுதியான நடுக்கள வீரர்களால் ஈடுகட்டத் திட்டமிட்டு எடுத்தவர் ஒரு துணிவான, காரணமுள்ள முடிவை எடுத்தார். பெயரை மட்டும் பார்த்து எடுத்தவர் கவனக்குறைவாக இருந்தார். இருவரும் இழந்தது ஒன்றுதான். மதிப்பீட்டாளர் அவர்களைப் பிரித்தறிய வேண்டும். புள்ளிப் பட்டியல் அதற்கு உதவாது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். விளைவைப் புறக்கணித்தால் தோற்றவர் எல்லாரும் தம் முறை சரி என்று சாதிப்பார்களே என்பது அது. மறுப்பில் உண்மை உண்டு. பல பருவங்கள் தொடர்ந்து கடைசியில் வருபவர் வாய்ப்பைக் குறைசொல்ல முடியாது. நீண்ட தொடரில் தற்செயல் இருபுறமும் கழிந்து திறன் மெல்லத் தெரியவரும். ஆனால் ஒரு பருவம் ஒரே ஒரு சோதனை. அதில் விளைவு சான்றுகளுள் ஒன்று, தீர்ப்பு அன்று. காரணங்களைக் கேட்காமல் விளைவை மட்டும் எண்ணுபவர், ஒரே மாதிரியை வைத்துப் பொதுவிதி எழுதும் ஆய்வாளரின் பிழையையே செய்கிறார்.

இது பொழுதுபோக்கைப் பற்றிய நுணுக்க வாதமாக மட்டும் இருந்திருந்தால் இத்தனை நீளம் தேவைப்பட்டிருக்காது. இந்தியாவில் ‘திறன்’ என்ற சொல்லுக்குச் சட்ட வரலாறு உண்டு. பரிசுப் போட்டிகள் குறித்த 1957ஆம் ஆண்டின் சமர்பாக்வாலா வழக்கில், வெற்றி பெருமளவு திறனைச் சார்ந்த போட்டிகளைச் சூதிலிருந்து பிரித்து, அவற்றுக்கு வணிக உரிமையின் காப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அணி தெரிவதற்கு அறிவும் கணிப்பும் வேண்டும் என்ற அடிப்படையில் 2017இல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் ட்ரீம்11 ஆட்டத்தைத் திறன் ஆட்டம் என்று ஏற்றது. அதன்பின் பணம் கட்டி ஆடும் கற்பனை அணிகள் நாடெங்கும் பரவின. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம், திறனா வாய்ப்பா என்று பாராமல் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடுத்தது.

சட்டத்தின் நிறைகுறைகள் தனி விவாதம். அதற்கு முந்திய ஆண்டுகளில் ‘திறன்’ என்ற சொல் மாணவர்களிடம் செய்த வேலையை மட்டும் இங்கே கருதலாம். நீதிமன்றத்தில் அது ஒரு வகைப்பாடு. விளம்பரத்தின் வழியாக மாணவர் காதுக்கு வந்தபோது அது ஒரு வாக்குறுதி ஆனது. ஓர் இரவு ஆட்டத்தில் பணம் இழந்த மாணவர், இது திறன் ஆட்டம், ஆகவே தோல்வி தம் குறை, அடுத்த ஆட்டத்தில் திருத்திக்கொள்ளலாம் என்று எண்ணினார். வென்றவர் தம்மிடம் இல்லாத ஆற்றலை இருப்பதாக நம்பினார். இருவரும் விளைவை முடிவின் தரமாகப் படித்தவர்கள். ஓர் ஆட்டத்தில் திறன் இருப்பது வேறு, ஓர் இரவின் விளைவு திறனைக் காட்டுவது வேறு. இந்த வேறுபாட்டை யாரும் சொல்லிக்கொடுக்காததற்கு மாத உதவித்தொகையில் வாழும் மாணவர்கள் விலை கொடுத்தார்கள். விடுதிகளில் நடக்கும் மே மாத மதிப்பீடு விளையாட்டாக வளர்ப்பதும் அதே பழக்கத்தைத்தான்.

பணம் விலகிய இந்த வேளை, திறன் என்ற சொல்லை மீட்க ஏற்ற வேளை. அதற்கு டிராஃப்ட் முறை மிகவும் உகந்தது. வரவுசெலவு முறையில் எல்லாரும் வைத்திருக்கும் வீரரை வைத்திராததே பெரிய ஆபத்து. அது ஒத்துப்போகக் கற்பிக்கிறது. டிராஃப்டில் எல்லாரும் விரும்பும் வீரர் ஒருவருக்கே கிடைப்பார். மற்றவர் யோசித்தே தீர வேண்டும். கட்டணமும் இல்லை.

ஒரு சிறு மரபை மட்டும் சேர்த்துக்கொண்டால் போதும். ஆய்வுத் துறைகளில் தரவு திரட்டும் முன்பே கருதுகோளைப் பதிவு செய்யும் வழக்கம் வலுப்பெற்று வருகிறது. அதுபோல டிராஃப்டின் ஒவ்வொரு தெரிவுக்கும் ஒரு வரிக் காரணம் எழுதி, முதல் ஆட்டத்துக்கு முன்பே குழுவில் பதிந்துவிடலாம்: யாரை எடுத்தார், அப்போது யாரை விட்டார், எந்த இடர் தெரிந்திருந்தது. எட்டுப் பேர் குழுவில் 120 தெரிவுகள், 120 வரிகள். மே மாதத்தில் புள்ளிப் பட்டியலோடு அந்த வரிகளையும் திறந்து படிக்கலாம். அப்போது கடைசி இடத்தில் முடித்தவரின் தாளில் அந்த ஆண்டின் மிகச் சிறந்த தெரிவு கிடைக்கக்கூடும். கோப்பை வென்றவரின் தாளில் காரணம் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருக்கக்கூடும்.