பின்னால் இருட்டு!

மார்கழி விடியலில் வெள்ளைகேட் வழியாகப் பெங்களூர் நெடுஞ்சாலை ஏறும் நண்பர்களுக்குப் பனியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. போகிப் புகையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். 2018 போகியன்று சென்னையில் விமானங்களே இறங்க முடியாமல் வேறு ஊருக்குப் போயின!

நம்ம ஆளுங்க உடனே பிரைட் போடுறாங்க. அந்த வெளிச்சம் பனித்துளிகளில் பட்டுச் சிதறி, திரும்பி நம் கண்ணுக்கே வரும். அதனால்தான் ஃபாக் லாம்பைப் பம்பரில் தாழ வைத்தார்கள். மேலே சிதறாமல், அகலமாய், தரையை ஒட்டி அடிக்கும். சரி, அது நாம் பார்ப்பதற்கு. நம்மைப் பிறர் பார்க்க வேண்டாமா?

புதுக் கார்களில் டி.ஆர்.எல். என்ற பகல் விளக்கு தானாகவே எரிகிறது. டாஷ்போர்டும் பளிச்சென்று இருக்கும். 'லைட்டுதான் எரியுதே' என்று டிரைவர் நிம்மதியாகிவிடுவார். ஆனால் பல கார்களில் அப்போது டெயில் லாம்ப் எரியாது! பின்னால் வருகிற லாரிக்காரருக்கு அந்தக் கார் இல்லவே இல்லை.

கனடாவில் 2021 செப்டம்பர் முதல் புது வண்டிகளுக்கு ஒரு விதி: டி.ஆர்.எல். எரிந்தால் டெயில் லாம்பும் எரியணும்; இல்லையென்றால் இருட்டியதும் எல்லா விளக்கும் தானாக எரியணும்; அதுவும் இல்லையென்றால், டிரைவருக்கு உறைக்கிற மாதிரி டாஷ்போர்டு இருட்டாகவே இருக்கணும். மூன்றாவது வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. முதல் வழியை நம்ம ஊர் கார்களுக்கும் கட்டாயமாக்க வேண்டும் என்பேன். ஒயரிங் படித்த நமக்குத் தெரியாதா, அது எவ்வளவு சின்ன வேலை என்று? அதுவரை, பனி இறங்கினால் சுவிட்சைத் திருகி டிம் லைட் போடுங்க. கிளம்பும் முன் வண்டிக்குப் பின்னால் போய் ஒருமுறை பாருங்க.