நல்லம்பள்ளி ரேஷன் கடைக்கு ஒரு மருந்துச் சீட்டு

தர்மபுரி மாவட்டத்தில் காசநோய் கண்டறியப்பட்டவர்களில் 2022-ல் 12.5 சதவீதம் பேர் இறந்தார்கள். மறு ஆண்டே அது 7.8 சதவீதமாகக் குறைந்தது. இடையில் புது மருந்து எதுவும் வந்துவிடவில்லை. நோயாளியை எடை மேடையில் நிறுத்தி, முள் காட்டுவதை வைத்து உடனே முடிவெடுக்கும் பழக்கம் வந்தது.

2022 ஏப்ரலில் தமிழக அரசு தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ கேட்பது மிகக் குறைவு. உயரம், எடை. இரு காலிலும் வீக்கம் உண்டா? மூச்சு நிமிடத்துக்கு 24 தடவையைத் தாண்டுகிறதா? விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜன் 94-க்குக் கீழே என்கிறதா? பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா? ஐந்தேகால் அடி உயரமுள்ள ஒருவர் 36 கிலோகூட இல்லை என்றால், மற்ற எதையும் பார்க்காமலே அவரை வார்டில் சேர்த்துவிட வேண்டும். ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் வகுத்துத் தந்த வழி இது. காசநோயில் சாகிறவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை தொடங்கிய இரண்டு மாதத்துக்குள் சாகிறார்கள் என்பதால் ஒவ்வொரு நாளும் கணக்கு.

மெலிந்த உடம்பு ஏன் தோற்கிறது? ‘சத்து இல்லை, எதிர்ப்பு சக்தி இல்லை’ என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. உள்ளே நடப்பது அதைவிடச் சுவாரசியமானது. ரத்தத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும் டி செல் என்ற நோய் எதிர்ப்பு வெள்ளையணுவுக்குச் செலவு அதிகமில்லை. கிருமியை அடையாளம் கண்டுவிட்டால் நிலைமை மாறும். அது மளமளவென்று பெருகியாக வேண்டும். அதற்குக் குளுக்கோஸும் அமினோ அமிலங்களும் வந்துகொண்டே இருக்க வேண்டும். உடம்பிலுள்ள கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன், கையிருப்பு எவ்வளவு என்பதை இந்த செல்களுக்குச் சொல்லும். கொழுப்பு கரைந்தால் லெப்டின் குறையும், செல்களும் அடங்கிவிடும். பட்டினி போட்ட எலிகளுக்கு லெப்டின் கொடுத்தபோது எதிர்ப்பாற்றல் மீண்டதை லண்டன் ஆய்வாளர்கள் 1998-லேயே காட்டினார்கள்.

காசநோய்க் கிருமியும் சாதாரண விருந்தாளி அல்ல. தன்னை விழுங்கிய செல்லுக்குள்ளேயே குடியேறி, அதன் கொழுப்பைத் தின்று வாழும். அந்தச் செல் பதிலுக்கு இட்டகோனேட் என்ற பொருளைத் தயாரித்து, கொழுப்பில் பிழைக்கும் வழியை அடைக்கப் பார்க்கும். இட்டகோனேட் தயாரிக்க முடியாத எலிகள் காசநோயில் சீக்கிரமே செத்துவிடுகின்றன. ஆக, உள்ளே நடக்கும் சண்டையில் பாதி சாப்பாட்டுச் சண்டை.

இதில் மூன்றாவது ஆள் ஒருவரும் உண்டு: குடலில் வாழும் நுண்ணுயிர்கள். நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தையும் மாவுப்பொருளையும் அவை நொதிக்க வைத்து, பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களாக்கித் தருகின்றன. பெருங்குடல் சுவரின் முதன்மையான எரிபொருள் இதுதான். வேண்டாத வீக்கத்தை அடக்கிவைக்கும் டி செல்களை இது பெருக்குகிறது என்று 2013-ல் ஜப்பானிய, அமெரிக்க ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டன.

நம் ஊர் இதை முன்பே தொட்டிருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பி.எஸ்.ராமகிருஷ்ணாவும் உடன் ஆய்வாளர்களும் 48 காலரா நோயாளிகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான உப்பு-சர்க்கரைக் கரைசல், இன்னொன்றுக்கு அரிசி மாவு சேர்த்தது, மூன்றாவதற்குச் சிறுகுடலில் செரிக்காத மக்காச்சோள மாவு சேர்த்தது. மூன்றாவது குழுவுக்கு வயிற்றுப்போக்கு சீக்கிரம் நின்றது. மாவைப் பெருங்குடல் நுண்ணுயிர்கள் அமிலமாக்க, அந்த அமிலம் குடலை உப்பையும் நீரையும் உறிஞ்சவைத்தது. 2000-ல் வெளியான ஆய்வு அது.

இந்த வெளிச்சத்தில் தர்மபுரி மாவட்டத்து நல்லம்பள்ளியின் சாப்பாட்டுத் தட்டைப் பார்க்கலாம். தொப்பூர் கணவாய்க்கு வடக்கே மானாவாரிக் காடுகளில் ராகி விளையும் பகுதி இது. களியும் கீரைக் கடைசலும் இங்கே நேற்றுவரை அன்றாடச் சாப்பாடு. நூறு கிராம் ராகியில் சுமார் 11 கிராம் நார்ச்சத்து. தீட்டிய அரிசியில் மூன்று கிராம்கூட இல்லை. 2023-ல் நீலகிரியிலும் தர்மபுரியிலும் ரேஷன் அட்டைக்கு இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக ராகி கொடுக்கத் தொடங்கியது நல்ல முடிவு. (அதே ராகியைச் சர்க்கரையோடு கலந்து டப்பாவில் அடைத்து, ‘இம்யூனிட்டி’ என்று எழுதி விற்கிறவர்களை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.)

ஆனால், நுண்ணுயிரைச் சரிக்கட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று துள்ளவும் கூடாது. வேலூரிலேயே எழுநூற்றுச் சொச்சம் குழந்தைகளுக்கு அசித்ரோமைசின் கொடுத்து, குடலிலுள்ள நோய்க்கிருமிகளைக் குறைத்த பிறகு போலியோ சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார்கள். கிருமிகள் குறைந்தன, சொட்டு மருந்தின் பலன் கூடவில்லை. புட்டியில் வரும் ‘நல்ல பாக்டீரியா’ விளம்பரங்களைப் படிக்கும்போது இந்த முடிவும் நினைவில் இருப்பது நல்லது.

சந்தேகத்துக்கு இடமில்லாமல் வேலை செய்தது சாதாரணச் சாப்பாடு. ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் வெளியான ‘ரேஷன்ஸ்’ ஆய்வில், காசநோயாளிகளின் வீட்டார் 10,345 பேர் பங்கேற்றார்கள். ஒரு பகுதியினருக்கு மாதம் ஆளுக்கு ஐந்து கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பு, கூடவே சத்து மாத்திரை. அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. நோயாளிகளிடமும் அப்படியே: முதல் இரண்டு மாதத்தில் எடை ஐந்து சதவீதம் ஏறியவர்களுக்கு மரண அபாயம் 61 சதவீதம் குறைவு.

இப்போது நடைமுறை என்ன? நோயாளிக்கு மாதம் 500 ரூபாயாக இருந்த மத்திய அரசின் உதவி 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆகியிருக்கிறது. வீட்டாருக்கான உணவுக் கூடையோ நன்கொடையாளர்களின் தயவில் நிற்கிறது. கொடையாளர் கிடைத்த வீட்டுக்குப் பருப்பு, கிடைக்காத வீட்டுக்கு இருமல் என்பது என்ன நியாயம்?

தமிழ்நாட்டில் அரிசிக்குப் பஞ்சமில்லை. ரேஷனில் விலையில்லாமலே கிடைக்கிறது. குறைவது பருப்பு. 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம்பருப்பு மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்து; ஜார்க்கண்டில் ஒரே ஆளுக்கு ஒன்றரைக் கிலோ. ஆகவே, காசநோயாளி உள்ள குடும்ப அட்டைக்குச் சிகிச்சை முடியும்வரை ஆளுக்கு ஒன்றரைக் கிலோ பருப்பை விலையின்றித் தர அரசு ஆணையிட வேண்டும். கடை இருக்கிறது, அட்டை இருக்கிறது, நோயாளிப் பட்டியல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறது. இறப்பைக் குறைத்துக் காட்டிய தர்மபுரி மாவட்டத்தில், நல்லம்பள்ளி ஒன்றியத்திலிருந்தே இதைத் தொடங்கலாம்.