தையற்காரர் என்று சொல்லப்பட்ட மாப்பிள்ளை



ஒரு நிக்காஹ் வீட்டைச் சற்றே மனக்கண்முன் நிறுத்துங்கள். பாண்டு வாத்தியக்காரர்கள் அந்நாளில் நாடெங்கும் ஒலித்துக்கொண்டிருந்த 'ரத்தன்' படப் பாடல்களை முழங்குகின்றனர். மாப்பிள்ளை பம்பாயில் தையல் தொழில் செய்பவர் என்று பெண் வீட்டாரிடம் சொல்லப்பட்டிருக்கிறது. இப்படிப்பட்ட பாட்டுகளைப் போட்டு இளைஞர்களைக் கெடுப்பவன் எவனோ என்று பெரியவர்கள் கடிந்துகொள்கின்றனர். அந்தப் பாட்டுகளுக்கு இசையமைத்தவரோ, மணமகன் கோலத்தில், வாய் திறவாமல் அமர்ந்திருக்கிறார்!

இது கற்பனையன்று. இசையமைப்பாளர் நௌஷாத் அலி, தம் வாழ்வில் நடந்ததாகத் தாமே சொல்லிவந்த நிகழ்ச்சி.

இசை கூடுமா, கூடாதா என்னும் மார்க்க விவாதத்துக்குள் இந்தப் பக்கம் நுழையவில்லை. அது ஆலிம் பெருமக்களுக்கு உரியது. நாம் எண்ணிப் பார்க்க விழைவது வேறொன்று. பிள்ளை செய்யும் தொழிலை வெளியே சொல்ல நாணி ஒரு குடும்பம் மறைக்குமானால், அந்த மறைப்பின் சுமை யார் தலையில் இறங்குகிறது?

நௌஷாத் 1919 டிசம்பர் 25 அன்று லக்னோவில் பிறந்தார். தந்தை வாஹித் அலி நீதிமன்ற எழுத்தர். அருகிலுள்ள தேவா ஷரீஃப் தர்காவின் ஆண்டு விழாவில் கவ்வாலி பாடுவோரைக் கேட்டுக் கேட்டே சிறுவனின் செவி பண்பட்டது. ஊமைப்படக் காலத்தில் திரையரங்கிலேயே வாத்தியக் கலைஞர்கள் அமர்ந்து, காட்சிக்கு ஏற்ப வாசிப்பார்கள். எந்தக் காட்சிக்கு எந்த ஒலி பொருந்தும் என்பதை அவர் அங்கே கற்றார். பழுதான ஹார்மோனியங்களைச் சீர்செய்யும் வேலையும் பார்த்தார். தந்தைக்கு இவை எதுவும் பிடிக்கவில்லை. வீடு வேண்டுமா, இசை வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. 1937-இல் அவர் பம்பாய்க்குப் புறப்பட்டுவிட்டார்.

அங்கே அவரை வரவேற்றது நடைபாதை. தாதரில் பிராட்வே திரையரங்குக்கு எதிரே படுத்துறங்கிய இரவுகளை அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்ததுண்டு. உஸ்தாத் ஜண்டே கானிடம் பியானோ வாசித்தார். பிறகு இசையமைப்பாளர் கேம்சந்த் பிரகாஷ் அவரை மாதம் 60 ரூபாய்ச் சம்பளத்தில் உதவியாளராக அமர்த்திக்கொண்டார். அந்த நன்றியை நௌஷாத் இறுதிவரை மறக்கவில்லை.

1940-இல் 'பிரேம் நகர்' அவருடைய முதல் தனிப்படம். 1944-இல் 'ரத்தன்' அவர் பெயரை வீதிதோறும் கொண்டு சேர்த்தது. திருமண வீட்டில் ஒலித்த பாடல்கள் இவைதாம். ஊரறிந்த பெயரைத் தம் சொந்த வீட்டில் மட்டும் மறைத்துவைக்க நேர்ந்தது எத்தகைய வேதனை!

1952-இல் 'பைஜு பாவ்ரா' வந்தது. உஸ்தாத் அமீர் கானையும் பண்டித டி. வி. பலுஸ்கரையும் திரைக்காகப் பாடவைத்தார். அப்படத்தில் ஹரியின் தரிசனத்துக்காக உருகும் பஜனைப் பாடல் ஒன்று உண்டு. எழுதியவர் ஷகீல் பதாயூனி, இசையமைத்தவர் நௌஷாத், பாடியவர் முஹம்மது ரஃபி. மூவரும் முஸ்லிம்கள். இந்நாட்டு மக்கள் எவ்வாறு கலந்து வாழ்ந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? முதன்முதலாக வழங்கப்பட்ட ஃபிலிம்ஃபேர் இசை விருதும் இப்படத்துக்கே கிடைத்தது. இப்படம் பிராட்வே அரங்கில் திரையிடப்பட்டபோது, எதிரே இருந்த அந்த நடைபாதையைப் பார்த்துத் தாம் கண்கலங்கியதாக அவர் சொல்லியிருக்கிறார்.

தமிழ் வீடுகளும் அவரை அறியும். 1955-இல் வந்த 'உரன் கடோலா' 'வானரதம்' என்றும், 1960-இல் வந்த 'மொகலே ஆஸம்' 'அக்பர்' என்றும் தமிழ் பேசின. கம்பதாசன் அவருடைய மெட்டுகளுக்குத் தமிழ் வரிகள் தந்தார்.

காலம் மாறிற்று. எழுபதுகளில் ரசனை வேறு திசையில் ஓடியது, படங்கள் குறைந்தன. அந்நாளில் அவர் செய்த ஒரு செயல் நம் நெஞ்சைத் தொடுகிறது. நெடுங்காலம் அவருக்கு உதவியாளராயிருந்த குலாம் முஹம்மது, 'பாகீஸா' படம் முடியுமுன்னரே 1968-இல் மறைந்தார். எஞ்சிய பணியையும் பின்னணி இசையையும் நௌஷாதே நிறைவேற்றிக் கொடுத்தார். 1972-இல் படம் வெளிவந்தபோது அதன் புகழ்பெற்ற பாடல்கள் குலாம் முஹம்மதின் பெயரிலேயே நின்றன.

எழுபது வயதில் தொலைக்காட்சி அவரை அழைத்தது. 1990-இல் தூர்தர்ஷனில் தொடங்கிய திப்பு சுல்தான் தொடருக்கு இசை அவருடையதே. ஊமைப்பட அரங்கில் கற்ற பாடம், கூடத்து மூலையில் இருந்த சின்னத் திரைக்கும் பயன்பட்டது. 1981-ஆம் ஆண்டுக்கான தாதா சாஹேப் பால்கே விருதும், 1992-இல் பத்ம பூஷணும் அவரை அடைந்தன. 2005-இல் வெளியான 'தாஜ்மஹால்' வரை உழைத்தவர், 2006 மே 5 அன்று மும்பையில் மறைந்தார்.

வாசகர்களே! இப்போது அந்தக் கல்யாண வீட்டுக்குத் திரும்புவோம். தையல் இழிவான தொழிலன்று. நேர்மையாக உழைக்கும் தையற்காரர் எவர் முன்னும் தலைகுனிய வேண்டியதில்லை. குறை தொழிலில் இல்லை, பொய்யில் இருந்தது. நிக்காஹ் என்பது இரு குடும்பங்களின் நம்பிக்கை. அதன் வாசற்படியிலேயே உண்மையை நிறுத்திவிட்டு உள்ளே போனால், மணமகளுக்கு நாம் என்ன நியாயம் சொல்வோம்? தன் உழைப்பைத் தானே மறுத்து உட்கார்ந்திருந்த அந்த இளைஞனுக்குத்தான் என்ன ஆறுதல் சொல்வோம்?

உங்கள் மகனோ மகளோ நீங்கள் எண்ணாத ஒரு துறையைத் தேர்ந்திருக்கக்கூடும். உங்கள் மனம் அதற்கு ஒப்பவில்லையா? முகத்துக்கு நேரே, அன்போடு, காரணத்தோடு சொல்லுங்கள். பிள்ளையின் பதிலையும் பொறுமையாகக் கேளுங்கள். ஒப்புகிறதா? ஊரறியச் சொல்லுங்கள். சம்பந்தம் பேச வருவோரிடம் முதலில் சொல்லுங்கள்.

மறுப்பைத் தாங்கிக்கொள்ளும் பிள்ளைகள் பலர் உண்டு. தன்னைப் பெற்றவர்களே தன்னை மறைத்துவைப்பதைத் தாங்கிக்கொள்வது கடினம்.