சிக்ஸ் போனா பந்தைப் புடுங்காதீங்க

இங்க வழக்கமா உரம், ஆத்துத் தண்ணி, கொள்முதல் நிலையம்னுதான் எழுதுவேன். இன்னைக்கு கிரிக்கெட். நடுவுல நாத்து நடவு வந்தா பொறுத்துக்குங்க, பழக்கம் அப்படி.

ஒரு சின்னப் பையன் சுழற்பந்து போடுறான். ரெண்டாவது பந்து சிக்ஸ். கேப்டன் இடுப்புல கைய வச்சுக்கிட்டு தலைய ஆட்டுறார். ஓவர் முடிஞ்சதும் பந்தை வாங்கி வேற ஆள்கிட்ட கொடுத்துடுறார். பையன் மிச்ச ஆட்டம் பூரா பவுண்டரி ஓரத்துல நின்னு பந்து பொறுக்குறான். டிவியிலயும் இதுதான், எங்க ஊர் தரிசுலயும் இதுதான். வர்ணனை செய்யுறவங்க இதைப் பெரிய புத்திசாலித்தனம்னு புகழ்றாங்க. எனக்கு இது கேப்டனோட பயம்னுதான் தோணுது. பயந்தது அவர், தண்டனை பையனுக்கு.

வேகமா போடுறவன் மோசமா போட்டாக்கூட வேகம் அவனைக் காப்பாத்திடும். சுழற்பந்துக்காரனுக்கு அந்த வசதி கிடையாது. பந்தை மேல தூக்கிப் போட்டு, அடிக்கிறவனை முன்னால இழுத்து ஏமாத்தணும். இழுக்குறப்ப சில பந்து அடி வாங்கத்தான் செய்யும். அது விதைச்செலவு. நட்ட பயிர் முதல் வாரம் பழுத்துப்போய்த்தான் நிக்கும், வேர் பிடிச்சப்புறம்தான் பச்சை திரும்பும். மூணாம் நாளே பிடுங்கிப் பார்க்குறவனை எங்க ஊர்ல விவசாயின்னு சொல்ல மாட்டோம்.

இங்கிலாந்து கதையைப் பாருங்க. 2013 ஆகஸ்டுல ஓவல் மைதானத்துல சைமன் கெரிகன்னு ஒரு இடதுகை சுழற்பந்துக்காரருக்கு முதல் டெஸ்ட். எதிர்ல ஆஸ்திரேலியாவின் ஷேன் வாட்சன். முதல் ரெண்டு ஓவர்ல 28 ரன். அந்த டெஸ்ட் முழுக்க அவருக்குக் கிடைச்சது 8 ஓவர், போனது 53 ரன். அதுக்கப்புறம் இன்னொரு டெஸ்ட் அவர் ஆடவே இல்ல. பதட்டத்துல பந்து கைல நிக்கலைன்னு சொல்வாங்க. சரி, பதட்டம்தான். இருபத்துநாலு வயசுப் பையன் பதறுறப்ப பக்கத்துல போய் நிக்கத்தானே கேப்டன்னு ஒருத்தர் இருக்கார்?

அடுத்தது 2024 ஜனவரி, நம்ம ஹைதராபாத். டாம் ஹார்ட்லி, அவரும் இடதுகை சுழல், அவரும் அதே லங்காஷயர் கவுண்டி, அவருக்கும் முதல் டெஸ்ட். முதல் பந்தையே ஜெய்ஸ்வால் சிக்ஸ் அடிச்சார். கேப்டன் பென் ஸ்டோக்ஸ் பந்தை வாங்கல. ஓவர் மேல ஓவர் கொடுத்துக்கிட்டே இருந்தார். அந்த இன்னிங்ஸ்ல 25 ஓவர், 131 ரன், 2 விக்கெட். பார்க்கச் சகிக்காத கணக்குதான். ஆனா ரெண்டாவது இன்னிங்ஸ்ல அதே பையன் 62 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தார். நாம 28 ரன்ல தோத்தோம். தோத்தது நாமதான்னாலும் அன்னைக்கு ஸ்டோக்ஸ் மேல எனக்கு மரியாதை வந்துடுச்சு.

ஷேன் வார்ன் கதையை விட்டா இந்தக் கட்டுரை நிக்காது. 1992 ஜனவரி, சிட்னி, நமக்கு எதிரா முதல் டெஸ்ட். 150 ரன் கொடுத்து ஒரே விக்கெட், அதுவும் ரவி சாஸ்திரி 206 அடிச்சப்புறம். எல்லாரும் அந்த 150-ஐத்தான் சொல்றாங்க. அவர் போட்டது 45 ஓவர்ங்கிறதை நான் சொல்றேன். ஆலன் பார்டர் 45 ஓவர் கொடுத்திருக்கார்! அதே வருஷம் ஆகஸ்டு, கொழும்பு. முதல் இன்னிங்ஸ்ல வார்னுக்கு 107 ரன், விக்கெட் பூஜ்யம். கடைசி நாள் இலங்கை ஜெயிக்கக் கொஞ்ச ரன்தான் பாக்கி. அப்ப பார்டர் பந்தை வார்ன் கையில கொடுக்குறார். கடைசி மூணு விக்கெட்டும் வார்னுக்கு, ஆஸ்திரேலியா 16 ரன்ல ஜெயிச்சது. அந்த ஆள்தான் பின்னால 708 டெஸ்ட் விக்கெட் எடுத்தவர். பார்டர் அன்னைக்குக் கணக்கு நோட்டைப் பார்த்திருந்தா?

முரளிதரனும் அப்படித்தான். கண்டித் தமிழர். 1995 மெல்போர்ன்ல நடுவர் ஒரு முனையில ஏழு தடவை நோபால் சொன்னார். ரணதுங்க அவரை ஒளிச்சு வைக்கல, எதிர் முனைக்கு மாத்திப் பந்து கொடுத்தார். 23 வயசுப் பையனுக்கு அந்த நேரத்துல அது எவ்வளவு பெரிய தெம்பு!

இதெல்லாம் டெஸ்ட், இருபது ஓவர்ல இதுக்கு நேரம் ஏதுன்னு எங்க ஊர் டீம் கேப்டன் கேக்குறான். எனக்கு மச்சான் மகன் முறை. "மாமா, நாலு ஓவர்தான். ஒரு ஓவர் இருபது போச்சுன்னா மேட்ச் காலி"ங்கிறான். மாப்ள, 2011 ஐ.பி.எல். இறுதி ஆட்டம் சேப்பாக்கத்துலதான் நடந்துச்சு. எதிர்ல கிறிஸ் கெய்ல், அந்த சீசன்ல அவரைவிட அதிகமா ரன் அடிச்சவங்க கிடையாது. தோனி முதல் ஓவரையே 24 வயசு அஸ்வின்கிட்ட கொடுத்தார். அந்த ஓவர்லயே கெய்ல் பூஜ்யம். இது இருபது ஓவர் ஆட்டம் இல்லையா? பெங்களூர் சின்னசாமி மைதானத்துல பந்து தொட்டா சிக்ஸ். அங்க வருஷக்கணக்கா சாஹல் கையில பந்து இருந்துச்சே?

எங்க ஊர்ல ஒரு பையன் இருக்கான், பதினேழு வயசு, லெக் ஸ்பின். சம்பா அறுத்தப்புறம் உளுந்து தெளிக்காத தரிசுதான் மைதானம், மேட்டூர் தண்ணி வர்ற வரைக்கும். சாயந்திரம் ஸ்டம்பு ஒண்ணு நட்டு, தனியா ரெண்டு மணி நேரம் போடுவான். வரப்புல நின்னு பார்ப்பேன். பந்து வெடிப்புல பட்டுத் திரும்புதுன்னு கிண்டல் பண்ணுவாங்க. நான் பார்த்த வரைக்கும் சமதரையிலயும் திரும்புது. போன மாசம் டவுன்ல நடந்த டோர்னமெண்ட்ல அவனுக்கு ஒரே ஓவர். அதுவும் எதிர் டீம்ல ரெண்டு பேர் நல்லா ஊறி அடிச்சிட்டு இருந்தப்ப. ஸ்லிப் இல்ல. சுத்தி எல்லாரும் பவுண்டரில. தட்டிவிட்டா ஒரு ரன், அதனால பந்துக்குப் பந்து எதிர்ல வேற ஆள். ஒரே ஆளுக்குத் தொடர்ந்து நாலஞ்சு பந்து போட்டாத்தானே வலை விரிக்க முடியும்? நாலாவது பந்து சிக்ஸ் போச்சு. "வேகமா குத்திப் போடுடா, தூக்காத"ன்னு நாலு திசையிலருந்தும் கத்துனாங்க. இப்ப பையன் ஓடி வந்து வேகப்பந்து போட்டுப் பழகுறான்.

மாப்ள, நான் பெருசா ஒண்ணும் கேக்கல. விக்கெட் விழுந்து புது ஆள் வர்றப்ப அவனைக் கூப்பிடு. ஃபீல்டிங் எப்படி வேணும்னு அவன்கிட்டயே கேளு. லாங் ஆனுக்கும் டீப் மிட்விக்கெட்டுக்கும் ஆள் கொடு, அப்பத்தான் தூக்கிப் போட தைரியம் வரும். ஸ்லிப்ப எடுக்காத. ரெண்டு ஓவராவது உறுதின்னு முன்கூட்டியே சொல்லிடு. சிக்ஸ் போனா கிட்ட போய், அடுத்த பந்தும் அதே மாதிரி போடுன்னு சொல்லு. தோத்தா "நான்தான் கொடுத்தேன்"னு நீ சொல்லு.

லட்சுமணன் சிவராமகிருஷ்ணன் நம்ம சென்னைக்காரர். 17 வயசுல டெஸ்ட் ஆடினார். 18 வயசுல பம்பாயில இங்கிலாந்துக்கு எதிரா ஒரே டெஸ்ட்ல 12 விக்கெட். அவரோட கடைசி டெஸ்ட் 1986 ஜனவரி. வயசு 20. மொத்தம் 9 டெஸ்ட். யாரைக் குத்தம் சொல்றதுன்னு எனக்கு வேண்டாம். ஆனா அந்த 20-ங்கிற எண்ணைப் பார்க்குறப்பல்லாம் தரிசுல ஒத்தை ஸ்டம்பு நட்டவன் ஞாபகம் வந்துடுது.

வர்ற ஞாயித்துக்கிழமை பக்கத்து ஊர்ல மேட்ச். வாய்க்கால் வேலைய சனிக்கிழமையே முடிச்சுட்டு நானும் போறேன். ஸ்லிப்புல ஆள் நிக்குதான்னு பார்க்கணும்.