என் ஃபில்டர் பன்னாடை ஆன கதை

"ஏம்மா, இந்த மனுஷனை நிறுத்த ஏதாவது வழி இருக்கா?"

அப்பா போனை என் பக்கம் நீட்டினார். அவர் ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஆகிறது. கூட வேலை பார்த்த முப்பது பேரும் சேர்ந்து ஒரு குரூப் மெயில் வைத்திருக்கிறார்கள். பென்ஷன், மெடிக்கல் க்ளெய்ம், யார் வீட்டில் கல்யாணம் என்று பேசத்தான் ஆரம்பித்தார்கள். ஆனால், அதில் ஒரு சார் இருக்கிறார். காலை ஐந்தரைக்கு ரோஜாப்பூ. ஆறு மணிக்கு வெந்தய நீரின் மகிமை. ஏழு மணிக்கு 'இதைப் பத்துப் பேருக்கு அனுப்பவும்'. யாராவது நன்றி சொன்னால், அந்த நன்றிக்கு ஒரு நன்றி. அதுவும் முப்பது பேருக்கும்!

ஒருநாள் உட்கார்ந்து எண்ணினேன். 22 மெயில்.

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு இதெல்லாம் ரெண்டு நிமிஷ வேலை. லேப்டாப்பில் அப்பாவின் ஜிமெயிலைத் திறந்தேன். சாரின் முகவரிக்கு ஒரு ஃபில்டர், 'டெலீட் இட்' கட்டத்தில் ஒரு டிக். அவ்வளவுதான். மறுநாள் அப்பா நிம்மதியாகக் காபி குடித்தார். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

ரெண்டு மாதம் கழித்து அப்பாவுக்கு ஒரு போன். பழைய ஆபீஸ்காரர். "பதினாறாம் நாள் காரியத்துக்காவது வருவீங்கள்ல?"

யாருக்குக் காரியம் என்றே அப்பாவுக்குத் தெரியவில்லை. பதினெட்டு வருஷம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டைப் பங்கு போட்டுக்கொண்ட நண்பருக்கு.

ஜிமெயில் டிராஷைத் திறந்தேன். இருந்தது. சப்ஜெக்ட்டில் 'இனிய காலை வணக்கம்' என்றே போட்டிருந்தது. ராத்திரி 11.40 மணிக்கு, கிடைத்த பழைய மெயில் ஒன்றுக்குப் பதில் போடுவதுபோல சார் ரெண்டு வரி அடித்திருந்தார். யார், எப்போது எடுக்கிறார்கள், எந்தத் தெரு. யாரும் பதில் மெயில் போடவில்லை. நேரில் போய்விட்டார்கள். அப்பாவும் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அப்பா என்னைத் திட்டவில்லை. "நான்தானே கேட்டேன்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

நெய் போச்சு, கசடு நின்னுச்சு

பள்ளிக்கூடத்தில் நன்னூல் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மாணவர்களைத் தரம் பிரிக்கும் பவணந்தி முனிவர், கடைசி வகையில் நெய்யரியைச் சேர்த்திருப்பார். நாம் பன்னாடை என்கிறோமே, அதேதான். தென்னை, பனை மட்டையின் அடியில் வலை மாதிரி இருக்கும். அதில் நெய்யை ஊற்றினால் நெய் கீழே ஓடிவிடும், கசடு மேலே நிற்கும். நல்லதை விட்டுவிட்டு வேண்டாததைப் பிடித்துக்கொள்பவரைத் திட்டவும் அந்தப் பெயர்தான்.

அன்றைக்கு அப்பாவின் இன்பாக்ஸில் லோன் ஆஃபரும் சேலைத் தள்ளுபடியும் பத்திரமாக இருந்தன. நண்பர் இறந்த செய்தி டிராஷில் கிடந்தது.

வேண்டாத மெயிலோடு மனிதர்கள் மல்லுக்கட்டுவது புதுசு இல்லை. இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்ப்பாநெட்டில் 1978-லேயே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் மார்க்கெட்டிங் ஆள் சில நூறு பேருக்கு ஒரே நேரத்தில் விளம்பர மெயில் அனுப்பி வாங்கிக் கட்டிக்கொண்டார். 1980-களில் யூஸ்நெட் என்ற விவாதக் களத்தில் 'கில் ஃபைல்' வந்தது. பிடிக்காதவர் பெயரை அதில் எழுதிவிட்டால், அவர் எழுதுவது எதுவும் உங்கள் கண்ணில் படாது. நான் செய்ததும் அதேதான்.

ஸ்பேமை எப்படி வடிகட்டலாம் என்று 2002-ல் பால் கிரஹாம் என்ற புரோகிராமர் எழுதிய கட்டுரை ரொம்பப் பிரபலம். வேண்டாத மெயில் உள்ளே வருவதைவிட, வேண்டிய மெயில் வெளியே போவது பல மடங்கு மோசம் என்று அதில் சொல்லியிருப்பார். டிப்ளமோ படிக்கும்போதே படித்தேன். அப்பாவுக்கு ஃபில்டர் போடும்போது ஞாபகம் வரவில்லை.

இப்போது எப்படி வைத்திருக்கிறேன்?

* ஜிமெயில் ஆப்பில் ஃபில்டர் போட முடியாது. கம்ப்யூட்டர் பிரவுசரில் திறந்து, தேடும் பெட்டியின் வலது ஓர ஐகானைத் தொட்டால் 'கிரியேட் ஃபில்டர்' வரும். அங்கே ஒருமுறை போட்டால் போனிலும் வேலை செய்யும்.

* 'டெலீட் இட்' பக்கமே போகாதீர்கள். 'ஸ்கிப் தி இன்பாக்ஸ்', 'அப்ளை தி லேபிள்' ரெண்டையும் டிக் செய்யுங்கள். அந்த மெயில்கள் இன்பாக்ஸுக்கு வராமல் தனி அலமாரிக்குப் போய்விடும். அப்பாவின் அலமாரிக்கு 'சாயங்காலம்' என்று பெயர்.

* ஒரே ஒரு பேச்சுதான் இழுத்துக்கொண்டே போகிறதா? அந்த மெயிலைத் திறந்து, மூன்று புள்ளியைத் தொட்டு 'மியூட்' கொடுங்கள். ஆளைத் தொட வேண்டாம்.

* முன்பே 'டெலீட்' ஃபில்டர் போட்டவர்கள் இன்றைக்கே செட்டிங்ஸில் போய்ப் பாருங்கள். டிராஷில் 30 நாள்தான் இருக்கும். அதற்குப் பிறகு தேடினாலும் கிடைக்காது.

* வாட்ஸ்அப் குரூப்புக்கும் இதே கதைதான். சத்தம் தொந்தரவு என்றால் மியூட், கண்ணில் பட வேண்டாம் என்றால் ஆர்க்கைவ். தினமும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுங்கள்.

சாவு, ஆஸ்பத்திரி சமாசாரம் என்றால் மெயிலை நம்பாமல் போன் பண்ணிவிடுவது என்று அப்பாவின் குரூப்பில் இப்போது பேசி வைத்திருக்கிறார்கள்.

"இருக்கேன்னு தெரியணும்ல!"

காரியத்துக்குப் போன இடத்தில் அப்பா அந்த சாரைப் பார்த்திருக்கிறார். மனசு கேட்காமல், ஃபில்டர் போட்ட விஷயத்தைச் சொல்லிவிட்டார். சார் கோபித்துக்கொள்ளவில்லையாம்.

"வீட்ல நான் ஒருத்தன்தான் சார். பையன் வெளியூர்ல இருக்கான். காலைல ஒரு பூ அனுப்பினா, நான் இருக்கேன்னு நாலு பேருக்குத் தெரியணும்ல."

நான் எண்ணிய 22 மெயிலில் இந்தக் கணக்கு வரவே இல்லை.

இப்போது அப்பா தினமும் ஏழு மணிச் செய்தி முடிந்ததும் 'சாயங்காலம்' அலமாரியைத் திறக்கிறார். பத்து நிமிஷம்தான். முக்கால்வாசியைத் தள்ளிவிடுகிறார். போன வாரம் ஒரு ரோஜாப்பூவுக்கு 'நன்றி சார், சாப்பிட்டீங்களா?' என்று பதில் போட்டார்.

'ரிப்ளை ஆல்' கொடுத்து, முப்பது பேருக்கும்.