கொல்லிமலை மிளகும் வர்த்தக ஒப்பந்தங்களும்

கொல்லிமலையின் குண்டூர் நாட்டை முன்வைத்து உலக வர்த்தகம் பற்றி நாம் பேசுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் இம்மலையில் மிளகுக்கொடி சில்வர் ஓக் மரத்தைப் பற்றித்தான் ஏறுகிறது. மிளகுக்கு விலை இருக்கும்வரை மரமும் நிற்கும், அதன் நிழலும் நிற்கும். விலை விழுந்தால் மலையாளிப் பழங்குடி மக்கள் வேறு பயிரைத் தேடத்தானே வேண்டும்? சாமையும் தினையும் விளைந்த சரிவுகள் பலவற்றில் ஏற்கெனவே ஜவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளி வந்துவிட்டது.

ஆசியான் நாடுகளுடன் 2009-இல் இந்தியா செய்துகொண்ட ஒப்பந்தம் மிளகு இறக்குமதி வரியை 70 விழுக்காட்டிலிருந்து படிப்படியாக 50 ஆகக் குறைத்தது. இலங்கையிலிருந்து ஆண்டுக்கு 2,500 டன் மிளகு வரியின்றியே வரலாம். வியட்நாம் மிளகும் அவ்வழியே நுழைகிறது என்று விவசாயிகள் முறையிட்டனர். 2016-இல் கிலோ 600 ரூபாயைத் தாண்டியிருந்த விலை 2018-இல் 400-க்கும் கீழே போனது. இடையில், 2017 டிசம்பரில், இறக்குமதிக்குக் குறைந்தபட்ச விலை 500 ரூபாய் என்று மத்திய அரசு நிர்ணயித்தும் சரிவு நிற்கவில்லை.

இப்போதைய ஒப்பந்தங்கள் சுற்றுச்சூழலையும் தொழிலாளர் உரிமையையும் பேசுகின்றன. சுவிட்சர்லாந்து, நார்வே உள்ளிட்ட நான்கு நாடுகளுடன் 2024-இலும், பிரிட்டனுடன் 2025-இலும் கையெழுத்தானவற்றில் இவற்றுக்கென்றே அத்தியாயங்கள் உண்டு. பணக்கார நாடுகள் இவற்றை மறைமுகத் தடையாக்கிவிடும் என்று அஞ்சி இந்தியா நெடுங்காலம் மறுத்துவந்தது. அந்த அச்சம் வீண் அல்ல. காடழிப்புக்கு எதிரான ஐரோப்பிய ஒன்றியச் சட்டம், காப்பி விளைந்த ஒவ்வொரு நிலத்தின் வரைபடக் குறியீட்டையும் கேட்கிறது. அரை ஏக்கர் காப்பிக்காரர் இதற்கு எங்கே போவார்?

எனினும் நம்மை உறுத்துவது வேறொன்று. வரிப் பிரிவை மீறினால் நடுவர் தீர்ப்பாயம் உண்டு. சுற்றுச்சூழல் பிரிவை மீறினால் பேச்சுவார்த்தை மட்டுமே. முடியாததல்ல இது. அந்த நான்கு நாடுகள் 15 ஆண்டுகளில் 10,000 கோடி டாலர் முதலீட்டையும் 10 லட்சம் வேலைவாய்ப்புகளையும் இலக்காக ஏற்றுள்ளன. தவறினால் வரிச்சலுகையை இந்தியா திரும்பப் பெறவும் வழி வைத்திருக்கிறார்கள். வேலைக்குக் கிடைத்த அந்தப் பிடி மண்ணுக்கும் மரத்துக்கும் கிடைக்கவில்லை.

ஆசியான் ஒப்பந்தத்தை மறுபரிசீலனை செய்ய 2023-இல் இரு தரப்பும் இசைந்தன. மிளகு வரியைத் தொடும் முன் மலைப்பகுதிகளில் கருத்துக் கேட்கும்படி நம் நாடாளுமன்ற உறுப்பினர்களை நாம் வலியுறுத்தலாம்.