வேலி போட்டது யார்?

2019 மார்ச்சில், லில் நாஸ் எக்ஸ் என்ற கறுப்பின இளைஞரின் ‘ஓல்ட் டவுன் ரோட்’ பாடலைத் தன் கன்ட்ரி இசைத் தரவரிசையிலிருந்து அமெரிக்க இசை இதழான பில்போர்டு நீக்கியது. இன்றைய கன்ட்ரி இசைக்கான கூறுகள் அதில் போதவில்லையாம். பாடலில் குதிரை இருந்தது, பாஞ்சோவின் ஒலி இருந்தது. கூடவே ராப் தாளமும் இருந்தது. பிறகு கன்ட்ரி பாடகர் பில்லி ரே சைரஸும் சேர்ந்து பாட, பொதுத் தரவரிசையில் 19 வாரங்கள் முதலிடத்தில் நின்றது அந்தப் பாடல்.

ராப் கலந்ததுதான் குற்றமா? 2013-இல் ‘புளோரிடா ஜார்ஜியா லைன்’ என்ற வெள்ளையின இருவர் குழுவினர் தங்கள் ‘க்ரூஸ்’ பாடலை ராப் கலைஞர் நெல்லியோடு மறுவடிவமாகத் தந்தார்கள். கன்ட்ரி பட்டியலில் அந்தப் பாடல் மொத்தம் 24 வாரங்கள் முதலிடம் வகித்தது. அப்போது எந்தக் கதவும் சாத்தப்படவில்லை.

கலப்பால் கன்ட்ரி கெடுகிறது என்று புலம்புவோர் அதன் பிறப்பைப் பார்க்கட்டும். பாஞ்சோவின் வேர் ஆப்பிரிக்காவில். ஃபிடில் மெட்டுகள் பிரிட்டன், அயர்லாந்திலிருந்து வந்தவை. ஸ்டீல் கிட்டார் ஹவாய் தந்தது. தொடக்ககாலக் கன்ட்ரி இசைக்குழுவான கார்ட்டர் குடும்பத்தின் ஏ.பி. கார்ட்டர் பாட்டுத் தேடி அலைந்தபோது, கேட்ட மெட்டுகளை நினைவில் ஏந்தி வந்தவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிட்டார் கலைஞர். கன்ட்ரியின் தந்தை எனப்படும் ஜிம்மி ராட்ஜர்ஸ் 1930-இல் பாடிய ஒரு பாட்டுக்கு டிரம்பெட் வாசித்தவர், ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்.

இசை பிரிந்திருக்கவில்லை, விற்பனைதான் பிரித்தது. 1920-களின் இசைத்தட்டு நிறுவனங்கள் கறுப்பர் பாடியதை ‘ரேஸ்’ என்றும், வெள்ளையர் பாடியதை ‘ஹில்பில்லி’ என்றும் தனித்தனியே விற்றன. ஹில்பில்லி என்பதுதான் பின்னாளில் கன்ட்ரி ஆனது. கடைக்காரர் போட்ட வேலியை மரபின் எல்லை என்று நம்பிவிட்டோம்.

அந்த வேலி இன்னும் விழவில்லை. கறுப்பினப் பாடகி பியான்சேயின் ‘கவ்பாய் கார்ட்டர்’ ஆல்பம் 2024 கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் விருதுகளில் ஒரு பரிந்துரைகூடப் பெறவில்லை. அதே ஆல்பம்தான் 2025-இல் கிராமியின் சிறந்த கன்ட்ரி ஆல்பம்.

எல்லையே வேண்டாம் என்பதல்ல வாதம். கதை சொல்லும் பாங்கு, கம்பி வாத்தியங்களின் ஏக்கம், குரலின் இழைவு என்று கன்ட்ரிக்கென ஒரு வாசனை உண்டு. அதை வைத்துப் பாட்டை நிறுத்துப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால், எல்லோர் பாட்டுக்கும் ஒரே தராசு வேண்டும்.